மீண்டும் சேணத்தில் அமரலாமா?

ராயபுரம், தண்டையார்பேட்டைத் தெருக்களில் ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தை நினைவில் வைத்திருப்போர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு இன்றும் வருகின்றனர். துறைமுகத்தை ஒட்டிய இப்பகுதிக்குக் குதிரை அந்நியமானதன்று. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து படைகளுக்கான குதிரைகள் கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கின. அப்பெயரின் ஈற்றைக் கொண்டே அவை ‘வேலர்’ எனப்பட்டன. இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளே வரிசை கட்டி நிற்கின்றன. ஆயினும் இளமையில் பற்றிய ஆசை சிலரை விடுவதில்லை. நீரிழிவுக்காக வரும், ஐம்பதைக் கடந்த ஒருவர், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போது, “மறுபடியும் குதிரை ஏறலாமா, டாக்டர்?” என்கிறார். உடன் வந்த மகள், “இந்த வயசுல எதுக்குப்பா?” என்கிறார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு.

டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டலை 1944இல், 23ஆம் வயதில், கருவுற்றிருந்த நிலையில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே கால்கள் இறுதிவரை செயலிழந்தே இருந்தன. மருத்துவர்கள் வேண்டாமென்றும் அவர் குதிரைக்குத் திரும்பினார். ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டியிருந்தது. குதிரையை இசைவாக நடத்திக் காட்டும் ஒலிம்பிக் போட்டியில் பெண்களுக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது 1952இல், ஹெல்சிங்கியில். அதில் ‘ஜூபிலி’ என்ற குதிரையின் மீதமர்ந்து அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார், 1956இலும் வெள்ளியே. உடற்குறையுள்ளோர்க்கான குதிரையேற்றப் பயிற்சி பல நாடுகளில் பரவ அவரது வெற்றி தூண்டுதலாயிற்று. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் அசைகிறது. மனிதன் நடக்கையில் இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இவ்வாறே. எனவே அமர்ந்திருப்பவரின் இடுப்பு, முதுகுத் தசைகள் ஓயாது உழைக்கின்றன.

எனினும் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் 8 அடி உயரத்தில் இருக்கிறது என்பதை மறத்தலாகாது. குதிரை சாதுவாயினும் வெருளும் இயல்புடையது. வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குத் தலையில் படும் சிறு அடியும் பேராபத்தாகலாம். எலும்புத் தேய்மானம் மிகுந்தோர், வலிப்பு கட்டுக்குள் வராதோர், நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டுச் சிகிச்சை முடியாதோர் ஆகியோரிடம் நாங்கள் இப்போதைக்கு வேண்டாமென்றே கூறுவோம். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் கால்களை அகட்டி அமருமுன் அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நீரிழிவுள்ளோரிடம் நாங்கள் முதலில் பார்ப்பது பாதங்களை. உணர்ச்சி குன்றிய பாதம் அங்கவடியில் சரியாக ஊன்றியிருக்கிறதா என்பதே தெரியாது. காலணி உரசிப் புண்ணானாலும் தெரியாது. பாத உணர்வும் கண்ணும் நன்றாயிருந்தால், தடுக்க எங்களுக்குக் காரணமில்லை. இன்சுலின் போட்டுக்கொள்வோர் ஏறுமுன் சர்க்கரையைப் பார்த்து, 100 மி.கி.க்குக் குறைவாயிருந்தால் முதலில் ஏதேனும் உண்ண வேண்டும்.

டெட்டனஸ் கிருமியின் வித்துகள் குதிரைச் சாணத்தில் இருக்கக்கூடும். கடைசித் தடுப்பூசி போட்டு 10 ஆண்டுகளாகியிருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள். (பாம்புக்கடிக்கு நாங்கள் செலுத்தும் நஞ்சுமுறி மருந்து குதிரையின் குருதியிலிருந்தே பெறப்படுகிறது. அவ்விலங்குக்கு எங்கள் தொழில் பட்ட கடன் பெரிது.)

பழகிய பயிற்சியாளரும் வயது முதிர்ந்த அமைதியான குதிரையும் உள்ள பள்ளியையே தேடுங்கள். இளமையில் ஓட்டியதை உடல் நினைவில் வைத்திருக்கும்; தசைகள் வைத்திருப்பதில்லை. முதல் சில வாரங்கள் பயிற்சியாளர் கயிற்றைப் பிடித்து வர, நடை மட்டும் போதும். தரையிலிருந்து தாவி ஏறாமல் படி வைத்து ஏறினால் முழங்காலும் குதிரையின் முதுகும் தப்பும். குதிரையேற்றத்துக்கென்று செய்த தலைக்கவசமும், பாதம் அங்கவடிக்குள் நழுவாதபடி சிறு குதிகால் உள்ள காலணியும் கட்டாயம்.

உடன்வரும் மகனோ மகளோ வேலிக்கு வெளியே நின்றுகொண்டால் போதும். சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். அப்பாவுக்கு வியர்த்து, கை நடுங்கினால் அதைக் கொடுக்குமுன் அவரை இறக்கச் சொல்லுங்கள்.