காவல் நாயின் சருமமும் உரோமமும்

தோட்டக் காவலுக்கு இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களை வளர்க்கும் அங்கத்தினர்கள் நம்மில் பலர். உரோமத்தின் பளபளப்பு வெளிப்பூச்சினால் வருவதன்று, ஆகாரத்தினால் வருவது. வெறுஞ்சோறும் மோரும் போதா. வேகவைத்த முட்டையோ, முள் நீக்கிய மீனோ சேர்த்து வருதல் நலம். வெங்காயம் கலந்த குழம்புச்சோறு ஆகாது. அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

நாயின் சருமம் நம்முடையதைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைந்தது. ஆகையால் நாம் உபயோகிக்கும் சோப்பு அதனை வறளச் செய்யும். அடிக்கடி குளிப்பாட்டுவதைக் காட்டிலும் நாள்தோறும் சீவிவிடுதல் மேல்.

உண்ணியே பெருந்தொல்லை. ஒரு பெண் உண்ணி 4,000 முட்டைகள் வரை இடும். அதுவும் நாயின்மேல் அன்று, சுவர் வெடிப்புகளில்! தறிக்குழியின் ஓரமும் அதற்குத் தப்பாது. எனவே நாயின்மேல் பொறுக்கியெடுத்தால் மட்டும் போதாது. வெடிப்புகளைப் பூசி மெழுகி, அது படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலிலிட வேண்டும்.

சொறி கண்டவுடன் என்ஜின் கழிவெண்ணெயைத் தடவுவோர் இன்றும் உளர். சருமம் புண்ணாவதோடு, நாய் அதை நக்கி விழுங்கவும் செய்யும். சிலவகைச் சொறி வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றக்கூடியது. அத்தகைய நாயைத் தனியே கட்டி வைத்து, தாமதமின்றிக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்க.