ஒரே கொடி, வேறு வேறு வாசல்

ரீயூனியன் தீவில் செல்லும் காசு யூரோ. தபால் பெட்டி பாரிசில் இருப்பதுபோலவே மஞ்சள் நிறம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் பாடத்திட்டம். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு அங்கிருந்தும் உறுப்பினர்கள் போகிறார்கள். 1946-லிருந்து அது பிரான்சின் முழு மாவட்டம். நமக்கு இன்னொரு வகையிலும் தெரிந்த ஊர்தான். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தவர்களை அங்கே 'மலபார்' என்கிறார்கள். அவர்கள் இன்றும் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும், பாரிசுக்கென்று வாங்கிய ஷெங்கன் விசாவை மட்டும் வைத்துக்கொண்டு பொதுவாக அந்தத் தீவில் இறங்க முடியாது. "பிரான்ஸ் விசாதானே இது, ரீயூனியனும் பிரான்ஸ்தானே?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கான பதிலை விமான நிலைய கவுண்டரில் நின்றுகொண்டு தெரிந்துகொள்வது செலவு பிடித்த விஷயம்.

ஏன் இப்படி?

1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரில், மொசெல் ஆற்றில் நின்ற கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்குவது நோக்கம். அதை நடைமுறைப்படுத்த 1990-ல் எழுதிய உடன்படிக்கையில் ஒரு விதி வைத்தார்கள்: பிரான்சையும் நெதர்லாந்தையும் பொறுத்தவரை, ஐரோப்பாவில் உள்ள நிலப்பரப்புக்கு மட்டுமே இது பொருந்தும். அந்த ஒரு விதியால் ரீயூனியன், மயோட், மார்ட்டினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானா, தஹிதி உள்ள பிரெஞ்சு பாலினீசியா, நியூ கலிடோனியா எல்லாம் ஷெங்கனுக்கு வெளியே நின்றுவிட்டன.

இதில் விசித்திரம் ஒன்றுமில்லை. லட்சத்தீவு நம் நாடுதான். ஆனால் வெளியூர்க்காரரான இந்தியக் குடிமகன் கவரத்தியில் இறங்க அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாட்டின் மண் என்பது வேறு, அங்கே நுழையும் விதி என்பது வேறு.

கடல் தாண்டினாலே ஷெங்கன் இல்லை என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. அட்லாண்டிக் கடலில் கிடக்கும் ஸ்பெயினின் கேனரித் தீவுகளும் போர்ச்சுகலின் மதேரா, அசோர்ஸ் தீவுகளும் ஷெங்கனுக்குள்தான் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்து ஊகிக்க வழியில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

ஸ்டிக்கரில் மூன்று இடங்கள்

பாஸ்போர்ட்டில் ஒட்டித்தரும் விசா ஸ்டிக்கரை நிதானமாகப் படிப்பவர்கள் குறைவு. பெயரும் தேதியும் சரியா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். மூன்று இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, விசா எந்த நிலப்பரப்புக்குச் செல்லும் என்ற வரி. பிரான்ஸ் தரும் ஸ்டிக்கரில் 'வாலாப்ள் பூர்' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே ஷெங்கன் நாடுகள் என்று மட்டும் இருந்தால், பொதுவாக அது ஐரோப்பாவுக்கு மட்டும்தான். இரண்டாவது, எத்தனை முறை நுழையலாம் என்ற எண்: 1, 2 அல்லது பலமுறை. மூன்றாவது, எத்தனை நாள் தங்கலாம் என்பது. விசா செல்லுபடியாகும் தேதிகளுக்கு நடுவே 40 நாள் இருக்கலாம். தங்க அனுமதித்த நாள் 15-ஆக இருக்கலாம். கணக்கு 15-தான்.

கடல்கடந்த பகுதிக்குப் போக நினைப்பவர்கள் பிரான்ஸ்-விசாஸ் என்ற அரசுத் தளத்தில் விண்ணப்பம் நிரப்பும்போதே, செல்லும் இடமாக அந்தப் பகுதியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரீயூனியனுக்கு வாங்கிய விசா தஹிதிக்கு உதவும் என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸ் கொடுத்த நீண்டகால, பலமுறை விசா வைத்திருப்பவர்களுக்குச் சில பகுதிகளில் விலக்கு உண்டு. ரீயூனியனுக்கு மட்டும், இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி மூலம் 15 நாளுக்குள் போய்த் திரும்பும் சுற்றுலாவுக்கு விசா விலக்கு நடைமுறை இருக்கிறது. இப்படிப்பட்ட விலக்குகளின் நிபந்தனைகள் மாறுபவை. அதே தளத்தில் உங்கள் பாஸ்போர்ட், செல்லும் இடம், நாட்கள் ஆகியவற்றைக் கொடுத்தால் விசா தேவையா இல்லையா என்று சொல்லும். அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது மூடியிருக்கும் கதவு

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது போகும்போது அல்ல, திரும்பும்போது. ஒருவர் ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவில் பாரிஸ் போகிறார் என்று வையுங்கள். ஒரு வாரம் சுற்றிவிட்டு, தனியாக வாங்கிய விசாவோடு ரீயூனியனுக்கு விமானம் ஏறுகிறார். பிரான்சிலிருந்து பிரான்சுக்குத்தான் போகிறோம் என்பது அவர் எண்ணம். சட்டத்தின் கணக்கில் அவர் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டார். அந்த ஒரு நுழைவும் செலவாகிவிட்டது. பாரிஸ் வழியாகத்தான் ஊர் திரும்ப டிக்கெட் என்றால், மறுபடி நுழைய அவரிடம் விசா இல்லை. இப்படிப் பயணம் போடுபவர்கள் குறைந்தது இரண்டு நுழைவுகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முகப்புக் கடிதத்தில் முழுப் பயண வழியையும் எழுத வேண்டும்.

இதில் ஒரு சின்ன ஆறுதல்: ரீயூனியனில் கழித்த நாட்கள் ஷெங்கனின் '180 நாளில் 90' என்ற கணக்கில் சேராது. ஆனால் அந்தக் கணக்கைக் குத்துமதிப்பாகப் போடும் காலம் முடிந்துவிட்டது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுத்து நுழைவையும் வெளியேற்றத்தையும் பதிவு செய்யும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. முத்திரை மங்கலாக இருக்கிறது என்ற சாக்கு இனி எடுபடாது.

இன்னொரு குழி பாரிசிலேயே இருக்கிறது. நம் ஊரிலிருந்து போகும் விமானங்கள் இறங்குவது ஷார்ல் தெ கோல் நிலையத்தில். கடல்கடந்த பகுதிகளுக்கான விமானங்களில் பல, நகரின் மறுபுறம் உள்ள ஓர்லி நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவதென்றால் குடிவரவுச் சோதனையைத் தாண்டி நகருக்குள் வர வேண்டும். விமானம் மாறத்தானே போகிறோம் என்று ஷெங்கன் விசா இல்லாமல் போனவர் முதல் நிலையத்திலேயே நின்றுவிடுவார். மலிவான டிக்கெட்டில் நிலையத்தின் பெயர் எங்கே மாறுகிறது என்று பணம் கட்டுமுன் பாருங்கள்.

மற்றக் கொடிகள்

டென்மார்க்: கிரீன்லாந்தும் ஃபாரோ தீவுகளும் ஷெங்கனில் இல்லை. அங்கே செல்லும் என்று அந்த இடத்தின் பெயரையே விசாவில் அச்சிட்டிருக்க வேண்டும். கோபன்ஹேகனிலிருந்து போகும்போது பாஸ்போர்ட்டை யாரும் கேட்காமல் விடலாம். கேட்க ஆளில்லை என்பதால் அனுமதி கிடைத்ததாக ஆகிவிடாது.

நார்வே: இங்கே கதை தலைகீழ். வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டுக்கு எந்த நாட்டவருக்கும் விசாவே தேவையில்லை. ஆனால் அங்கே போகும் விமானம் ஷெங்கனுக்குள் இருக்கும் நார்வேப் பெருநிலம் வழியாகத்தான். எனவே போகவும் திரும்பவும் இருமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும்.

நெதர்லாந்து: அரூபா, குரசாவோ, சின்ட் மார்ட்டன், பொனேர் முதலிய தீவுகளுக்கு 'கரீபியன் விசா' தனி. செல்லுபடியாகும் பலமுறை ஷெங்கன் விசா கையில் இருந்தால் குறுகிய காலத் தங்கலுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் சின்ட் மார்ட்டன் பாதித் தீவு. மறுபாதி பிரான்சின் சேன் மர்த்தேன். 1648-ல் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். நடுவே சோதனைச் சாவடி கிடையாது, சாலையோரம் ஒரு நினைவுத்தூண்தான். டச்சுப் பக்கத்துக்குக் கிடைத்த விலக்கு அந்தத் தூணோடு முடிகிறது.

பிரிட்டன்: பெர்முடா, கேமன் போன்ற கடல்கடந்த ஆட்சிப்பகுதிகள் ஒவ்வொன்றும் தன் குடிவரவு விதியைத் தானே வகுக்கிறது. லண்டனுக்கான விசா அங்கே தானாகச் செல்லாது.

அமெரிக்கா: போர்ட்டோ ரிக்கோ, குவாம், வர்ஜின் தீவுகளுக்கு வழக்கமான அமெரிக்க விசா போதும். அமெரிக்கன் சமோவா மட்டும் விலகி நிற்கிறது; அங்கே நுழைய அந்தத் தீவு அரசிடம் தனி அனுமதி பெற வேண்டும்.

"தீவில் இறங்கினால் ஐரோப்பாவில் இறங்கிய மாதிரி"

இந்த விதிக் குழப்பத்தைக் காசாக்கும் முகவர்கள் உண்டு. ரீயூனியனும் பிரான்ஸ்தான், அங்கே கால் வைத்துவிட்டால் பாரிஸ் உள்நாட்டுப் பயணம் என்பது அவர்கள் பேச்சு. அது பொய். ரீயூனியனிலிருந்து பாரிஸ் போகும் வெளிநாட்டவர் எல்லைச் சோதனைக்கு உட்பட வேண்டும். 2018-19-ல் இலங்கையிலிருந்து மீன்பிடிப் படகுகளில் பலர் அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கணிசமானோரைத் தனி விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். மயோட்டில் தரப்பட்ட வசிப்பிட அனுமதியும் பொதுவாக மயோட்டில் மட்டுமே செல்லும்.

இதைவிடக் கொடுமை தியகோ கார்சியாவில் நடந்தது. 2021 அக்டோபரில் ஈழத்தமிழர்கள் சென்ற படகு இந்தியப் பெருங்கடலில் சிக்கலுக்குள்ளாகி, பிரிட்டன் நிர்வகித்த, ராணுவத் தளம் அமைந்த அந்தத் தீவில் கரையேறியது. மூன்று ஆண்டுக்கு மேல் கூடாரங்களில் கிடந்தார்கள். அவர்களை அடைத்து வைத்திருந்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னதும், பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டதும் 2024 டிசம்பரில்தான்.

உயிருக்கு அஞ்சி அடைக்கலம் கேட்பது மனித உரிமை. அந்த அச்சத்தை வைத்து லட்சக்கணக்கில் பணம் பறிப்பது குற்றம். வேலைக்கு அனுப்புவதாகச் சொல்பவர் பதிவு பெற்ற முகவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

கதவு சாத்தப்பட்டால் என்ன செய்யலாம்?

விசா மறுக்கப்பட்டால்: காரணம் குறித்த எழுத்துபூர்வமான தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் குறுகியகால விசா மறுப்பை எதிர்த்து, தாள் கையில் கிடைத்த 30 நாளுக்குள் பிரெஞ்சு அரசின் விசா துணை இயக்குநருக்கு மேல்முறையீடு செய்யலாம். பிரெஞ்சில் எழுத வேண்டும். இரண்டு மாதம் பதில் வரவில்லை என்றால் மறுத்ததாகவே பொருள். அதன்பின் நாந்த் நகர நிர்வாக நீதிமன்றம். அவசரப் பயணமென்றால், குறைகளைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே பலருக்கும் விரைவான வழி.

விமானத்தில் ஏற்ற மறுத்தால்: கவுண்டர் ஊழியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 10,000 யூரோ வரை பிரான்ஸ் அபராதம் போட முடியும். ஆவணக் குறையால் ஏற்றாவிட்டால் நஷ்டஈடு கிடையாது. ஆனால் விலக்கு விதியின் அச்சுப்படி கையில் இருந்தால், மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லி அதைக் காட்டுங்கள். பயணம் செய்யாத டிக்கெட்டில் அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்பத் தர வேண்டும் என்பது இந்திய விமான நிறுவனங்களுக்கான விதி; 'பணம் திரும்பாது' என்று விற்ற டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். கேட்டால்தான் கிடைக்கும்.

பிரெஞ்சு எல்லையில் நிறுத்தினால்: மறுப்பின் காரணத்தை எழுத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்கலாம். தமிழ் மட்டும் தெரியும் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். புரியாத தாளில் தலையாட்டிக் கையெழுத்துப் போட வேண்டாம். உறவினருக்கோ இந்தியத் தூதரகத்துக்கோ வழக்கறிஞருக்கோ தகவல் சொல்ல உரிமை உண்டு. ஒரு முழு நாள் கழியுமுன் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கேட்கலாம். மயோட்டில் இந்த உரிமை இல்லை. காத்திருப்புப் பகுதியில் நான்கு நாளுக்கு மேல் வைக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும்.

டிராவல் ஏஜென்ட் தவறாகச் சொல்லி ஏமாற்றினால்: "ஷெங்கன் விசாவே போதும் சார்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதுவே சாட்சி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமே இல்லை. ரசீது இல்லாமல் பணம் கொடுத்தவர்களுக்குத்தான் இந்த வழி முள்ளாகிவிடும்.

பணம் கட்டுவதற்கு முன்

போகும் வழியை ஒரு தாளில் இறங்கும் ஒவ்வொரு ஊராக எழுதுங்கள். விமானம் மாறும் ஊரையும் விடக் கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் எதிரே மூன்றைக் குறியுங்கள்: இந்த இடம் யாருடைய குடிவரவு விதிக்குள் வருகிறது, என் விசாவில் இந்தப் பெயர் இருக்கிறதா, இது எத்தனையாவது நுழைவு. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் தூதரகத்துக்கோ விசா மையத்துக்கோ மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சிக்கலென்றால் 45 நாள் வரை ஆகும். கடல்கடந்த பகுதியும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே தொடங்குவது நல்லது.

அந்தத் தாளில் எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகு டிக்கெட் வாங்குங்கள்.