புல்மோட்டைக் கருமணலும் செறிந்த அமிலமும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கே 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் புல்மோட்டை. அங்கே கடற்கரை மணல் கறுப்பு. வாடைக் காலத்து அலைகள் ஆண்டுதோறும் கொண்டுவந்து ஒதுக்கும் இந்த மணலில் இல்மனைற், ரூட்டைல், சேர்க்கன் ஆகிய கனிமங்கள் செறிந்து கிடக்கின்றன. இதற்கென 1957 இல் அரச கூட்டுத்தாபனமும் அமைக்கப்பட்டது. ஆனால் இல்மனைற் இன்னமும் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது.

அந்த இல்மனைற்றில் பாதிக்குச் சற்று மேல் டைட்டேனியம் டையொக்சைட். சுவர்ப் பூச்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கடதாசிக்கும் வெண்மை தரும் தூள் இதுதான். கறுப்பிலிருந்து இந்த வெள்ளையை எடுக்கும் பழைய வழி, செறிந்த சல்பூரிக் அமிலம்.

இந்த அமிலத்தின் குணத்தைப் பள்ளி ஆய்வுகூடமே காட்டிவிடும். முகவையில் உள்ள சீனிமீது ஊற்றினால், சீனி மஞ்சளாகிப் பழுப்பாகி, ஆவி கக்கிக்கொண்டு கரித்தூணாக விளிம்புக்கு மேலே எழும். சீனியிலுள்ள ஐதரசனையும் ஒட்சிசனையும் நீராகப் பறித்துவிட்டுக் கரியை மட்டும் விடுகிறது அமிலம். ஐதான அமிலம் தொடாத செம்பையும், செறிந்த அமிலம் சூடானதும் ஒட்சியேற்றிக் கந்தக ஈரொட்சைட்டை வெளிவிடும். ஆனால் குளிர்ந்த நிலையில் இரும்பின்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குவதால், உருக்குத் தொட்டியிலேயே இதைச் சேமிக்கலாம். தொட்டிக்குள் நீர் புகுந்தால் கதை மாறும்: ஐதாகிய அமிலம் உருக்கை அரிக்கும், எரியக்கூடிய ஐதரசன் வாயு பிறக்கும்.

தொழிற்சாலையில், மாவாக அரைத்த இல்மனைற்றை அமிலத்துடன் கலந்து, சிறிது நீரோ நீராவியோ விடுவார்கள். அமிலமும் நீரும் சேரும் வெப்பமே தாக்கத்தைத் தொடக்கிவைக்கும். கலவை பொங்கியெழுந்து 200 பாகை செல்சியஸ் அளவை எட்டி, நுண்துளைகள் நிறைந்த கட்டியாக இறுகிவிடும். அதைக் கரைத்து, இரும்பைப் பச்சை நிறப் பெரஸ் சல்பேற் படிகங்களாகப் பிரித்து, எஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்தால் வெண்ணிற வீழ்படிவு கிடைக்கும். அதை 900 பாகைக்கு மேல் சுட்டால் வெள்ளைத் தூள் தயார். நீருக்குள் அமிலத்தை விட வேண்டும், அமிலத்துக்குள் நீரை விடக்கூடாது என்று ஆசிரியர்கள் அடித்துச் சொல்வதும் அமிலமும் நீரும் சேரும்போது எழும் அந்த வெப்பத்துக்கு அஞ்சித்தான்.

ஒரு தொன் தூளுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 தொன் அமிலம் செலவாகும். அதில் பெரும்பகுதி பெரஸ் சல்பேற்றாகவும் ஐதான கழிவமிலமாகவும் வெளியேறும். திருவனந்தபுரத்தில் 1946 இல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டேனியம் தொழிற்சாலையின் அமிலக் கழிவு வேளிக் கடலில் விடப்பட்டது பல்லாண்டுச் சர்ச்சையானது. வடகடலில் இத்தகைய கழிவமிலத்தைக் கொட்டுவதை மேற்கு ஜேர்மனி 1989 இல் நிறுத்தியது. அமிலத்தை மீண்டும் செறிவாக்கிப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் உண்டு. அதற்குச் செலவும் உண்டு.

மணலை மணலாகவே விற்பது நமக்கு நட்டம். பெறுமதி சேர்க்கும் தொழிற்சாலை இங்கேயே வரட்டும். ஆனால் கழிவமிலத்தை மீட்கும் ஏற்பாடும் அதற்கான பணமும் முதல் நாளிலேயே திட்டத்தில் இருக்க வேண்டும். கொக்கிளாய்க் களப்பிலும் கொட்டியாரக் குடாவிலும் வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்கள் இதைக் கேட்க உரிமையுள்ளவர்கள். எழுத்தில் பதில் வரும்வரை கேளுங்கள்.