கால்பந்தில் இனவெறியும் கரிசல் வட்டாரத்தின் ஆடுகளங்களும்

கால்பந்தில் இனவெறி என்பது ஆட்டக்காரர், நடுவர், பயிற்சியாளர் அல்லது பார்வையாளர் ஒருவரை அவருடைய தோல் நிறம், இனம், பிறந்த நாடு ஆகியவற்றைச் சொல்லி இழிவுபடுத்துவதாகும். குரங்கைப் போல ஒலி எழுப்புதல், வாழைப்பழத்தை வீசுதல், சமூக ஊடகங்களில் வசைபாடுதல் ஆகியவை இதன் வழக்கமான வடிவங்கள்.

இந்தியாவில் இதே இழிவு சாதியின் பெயராலும் நிகழ்கிறது. 1965இல் ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்றுக்கொண்ட இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை, இனம், நிறம் ஆகியவற்றோடு வம்சாவளியையும் பாகுபாட்டின் அடிப்படையாகக் குறிப்பிடுகிறது. வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கைக்கான குழு 2002இல் விளக்கம் அளித்தது. இந்திய அரசு இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. சட்டப் பெயர் எதுவாக இருந்தாலும், பிறப்பைச் சொல்லி ஏசப்படும் ஆட்டக்காரர் அடையும் அவமானம் ஒன்றுதான்.

இந்தியாவில் நடந்தவை

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் எழுவர் கால்பந்து மிகவும் புகழ்பெற்றது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள் அங்கு வந்து ஆடுகிறார்கள். 2024 மார்ச் மாதம் அரீக்கோடு அருகே நடந்த ஒரு போட்டியில், பார்வையாளர்கள் தம் நிறத்தைச் சொல்லி ஏசியதாகவும் விரட்டித் தாக்கியதாகவும் ஐவரி கோஸ்ட் நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் புகார் அளித்தார்.

ஹாக்கியில் நடந்தது வந்தனா கட்டாரியாவின் நிகழ்வு. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவர் மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக்கில் இச்சாதனையைச் செய்த முதல் இந்தியப் பெண் அவரே. நான்கு நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. அன்று ஹரித்துவார் அருகேயுள்ள அவருடைய வீட்டின் முன் சிலர் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் மிகுந்துவிட்டதால்தான் தோல்வி என்று ஏசியதாக அவருடைய குடும்பத்தினர் புகார் செய்தார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று.

தமிழ்நாட்டுக் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த், தோல் நிறத்துக்காகத் தாம் பல ஆண்டுகளாகக் கேலி செய்யப்பட்டதை 2017 ஆகஸ்டில் வெளிப்படையாக எழுதினார்.

கோவில்பட்டி வட்டாரம்

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் பெற்றதுபோலவே ஹாக்கிக்கும் பெயர் பெற்ற ஊர். இங்கே செயற்கைப் புல்தரை மைதானமும் மாநில விளையாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும் உள்ளன. இவ்வூரைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார். சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் கபடியும் கால்பந்தும் கிரிக்கெட்டும் பள்ளித் திடலிலும், கோடையில் வற்றிய கண்மாயிலும் நடக்கின்றன. பருத்தியும் உளுந்தும் விளையும் இந்த மண்ணின் கறுப்பைப் பெருமையாகச் சொல்லும் ஊரிலேயே, பிள்ளைகளின் தோல் கறுப்பு பட்டப்பெயராகவும் வசையாகவும் மாறிவிடுகிறது.

தென் மாவட்டங்களில் இதைவிடக் கடுமையான சிக்கல், மாணவர்கள் சாதியை அடையாளம் காட்ட அணியும் வண்ணக் கயிறுகள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் மாதம் அளித்த அறிக்கையில், இத்தகைய கயிறுகளையும் சாதி அடையாளங்களையும் பள்ளிகளில் தடை செய்யுமாறு அக்குழு பரிந்துரைத்தது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பட்டியல் சாதி மாணவர் ஒருவர் வெட்டப்பட்டார். கபடிப் போட்டியில் அவருடைய அணி வென்றதே பகைக்குக் காரணம் என்று குடும்பத்தினர் கூறினர். ஒரு சிற்றூர்ப் போட்டியின் வெற்றியை ஏற்க முடியாத மனநிலை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்ற அச்சத்தை இந்நிகழ்வு எழுப்பியது.

கால்பந்து வகுத்த மூன்று படிகள்

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவை 1976இல் வெளியேற்றி 1992இல் மீண்டும் சேர்த்தது. நாடுகளுக்கு எதிராக இவ்வாறு நடவடிக்கை எடுக்க முடிந்தாலும், பார்வையாளர் வரிசையிலிருந்து எழும் குரலுக்கு வேறு விதி தேவைப்பட்டது. அதுவே மூன்று படி நடைமுறை.

முதல் படியில் நடுவர் ஆட்டத்தை நிறுத்துகிறார். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை தரப்படுகிறது. இழிவு தொடர்ந்தால், இரண்டாம் படியாக இரு அணிகளும் சிறிது நேரம் உடை மாற்றும் அறைக்குச் செல்கின்றன. அதன் பிறகும் தொடர்ந்தால் ஆட்டம் கைவிடப்படுகிறது. 2019இல் வந்த ஃபிஃபா ஒழுங்கு விதித்தொகுப்பின்படி, அவ்வாறு கைவிடப்படும் ஆட்டத்தில் தவறு செய்த தரப்பின் அணி தோற்றதாகக் கொள்ளப்படும். 2024 மே மாதம் பாங்காக்கில் கூடிய ஃபிஃபா மாநாடு, ஆட்டக்காரர் இரு கைகளையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் காட்டினால் அது இனவெறிப் புகாரின் சைகை என்று ஏற்றுக்கொண்டது.

விதி இருந்தும் நிகழ்வது

2019 அக்டோபர் 14 அன்று சோபியா நகரில் பல்கேரியாவும் இங்கிலாந்தும் ஆடிய ஆட்டம் இருமுறை நிறுத்தப்பட்டது. மறுநாள் பல்கேரியக் கால்பந்துச் சங்கத் தலைவர் பதவி விலகினார்.

2023 மே 21 அன்று ஸ்பெயினின் வாலென்சியாவில், ரியல் மாட்ரிட் வீரர் வினிசியஸ் ஜூனியரைப் பார்வையாளர்கள் குரங்கு என்று ஏசினார்கள். ஆட்டத்தின் இறுதியில் எழுந்த தள்ளுமுள்ளில் அவருக்கே சிவப்பு அட்டை காட்டப்பட்டது. பின்னர் அது நீக்கப்பட்டது. 2024 ஜூனில் மூன்று பார்வையாளர்களுக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனையும் இரண்டு ஆண்டு அரங்கத் தடையும் விதிக்கப்பட்டன. ஏசப்பட்டவர் பொறுமை இழந்ததற்கு அன்றே தண்டனை. ஏசியவர்களுக்கு ஓராண்டுக்குப் பின் தண்டனை. இந்த இடைவெளியே இனவெறிக்கு எதிரான நடவடிக்கையின் பெரிய குறை.

உள்ளூர்த் திடலில் செய்யத்தக்கவை

மூன்று படி நடைமுறைக்குப் பெரிய அரங்கமோ கேமராவோ தேவையில்லை. ஒரு விசிலும், ஊர்ப் போட்டிகளில் எப்போதும் இருக்கும் ஒலிபெருக்கியுமே போதும்.

1. சாதியையோ நிறத்தையோ சொல்லி ஏசினால் ஆட்டம் நிறுத்தப்படும் என்பதைப் போட்டி அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் அதை ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும்.

2. அணித் தலைவர் சொன்னதும் நடுவர் விசில் ஊத வேண்டும். முதல்முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை இரு அணிகளும் பத்து நிமிடம் வெளியேறுதல், ஏசியவரை அப்புறப்படுத்துதல், மூன்றாம் முறை ஆட்டத்தைக் கைவிடுதல்.

3. கைவிடப்பட்ட ஆட்டத்தின் வெற்றியைப் போட்டிக் குழு விசாரித்து அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் தோற்கும் அணியின் ஆட்களே வேண்டுமென்று ஆட்டத்தைக் கெடுக்க வழியாகும்.

4. கபடியில் நகம், மோதிரம் ஆகியவற்றை ஆட்டத்துக்கு முன் சோதிப்பது வழக்கம். அந்தச் சோதனையிலேயே கைக்கயிறுகளையும் கழற்றச் செய்யலாம். சாதியைக் குறிக்கும் அணிப் பெயரையும் பதிவு செய்ய மறுக்கலாம்.

5. பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, இவ்விரு பிரிவுகளையும் சேராதவர் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி ஏசுவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பலர் கூடும் விளையாட்டுத் திடலுக்கும் இது பொருந்தும். புகார் அளிக்கப் பாதிக்கப்பட்டவருக்குப் போட்டிக் குழு துணை நிற்க வேண்டும்.

யாருடைய பொறுப்பு

"காதில் போட்டுக்கொள்ளாமல் ஆடு" என்பதே ஏசப்பட்ட பிள்ளைக்குப் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. நல்லெண்ணத்தில் சொன்னாலும், இழிவைத் தாங்கும் வேலையை அது பாதிக்கப்பட்டவர் தலையிலேயே சுமத்துகிறது. மூன்று படி நடைமுறையின் சிறப்பு, அந்தச் சுமையை நடுவர், போட்டிக் குழு, பார்வையாளர் ஆகியோருக்கு மாற்றுவதுதான். ஆட்டக்காரரின் வேலை ஆடுவது. அவர் அச்சமின்றி ஆடும்படி திடலைக் காப்பது போட்டியை நடத்துவோரின் கடமை.