மூலக்கூறுக்கு ஒரு கார்வை

சினிமா விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகிறது. பாக்டீரியாவுக்குள் இருக்கும் ரைபோசோம் அதே ஒரு விநாடியில் ஏறத்தாழ 20 அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதச் சங்கிலியை நீட்டிவிடுகிறது. நடக்கும் வேகத்திலேயே படமாக்கினால் ஓர் அமினோ அமிலத்துக்கு ஒரு சட்டகம்தான் மிஞ்சும். திரையில் வெறும் நடுக்கம் தெரியும். எனவே மூலக்கூறுகளை அனிமேஷன் செய்கிறவர் வரையத் தொடங்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது: எங்கே ஓட்டுவது, எங்கே நிறுத்துவது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். 1981இல் தொடங்கப்பட்ட டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற நடன, இசைப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. பரதம் பழகும் பிள்ளை தட்டடவை முதற்காலத்தில் நிதானமாகப் போட்டு, கால் படிந்த பிறகே இரண்டாங்காலத்துக்கும் மூன்றாங்காலத்துக்கும் போகிறாள். மூன்றாங்காலத்தை மட்டும் பார்க்கும் புதியவருக்குக் கால் எங்கே விழுந்தது என்றே பிடிபடாது. ஜதிக்கு நடுவே விடும் கார்வை என்ற இடைநிறுத்தத்தில்தான் முந்தைய அடவு கண்ணில் தங்கும்.

மூலக்கூறுக்கும் நடனத்துக்கும் பழைய உறவு உண்டு. புரதம் உருவாவதை விளக்க 1971இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு படம் எடுத்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பால் பெர்க் தொடக்கத்தில் விளக்கவுரை தர, திறந்தவெளிப் புல்தரையில் இளைஞர் கூட்டமே ஆடி ரைபோசோம் ஆனது. ஹிப்பிகளின் கூத்து என்று இன்று சிரிப்பு வரலாம். ஆனால் மூலக்கூறுகள் அலைந்து திரிந்துதான் சேருகின்றன என்பதை அந்தக் கூத்து மறைக்கவில்லை.

கணினி வந்தபின் அலைச்சல் குறைந்து அழகு கூடியது. ஹார்வர்டுக்காக எக்ஸ்விவோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘தி இன்னர் லைஃப் ஆஃப் தி செல்’ படத்தில், கைனசின் என்ற புரதம் பெரிய மூட்டையை இழுத்துக்கொண்டு நுண்குழலின் மேல் கம்பீரமாக நடந்துபோகும். உண்மையான கைனசின் 8 நானோமீட்டர் அடிகளாக விநாடிக்கு 100 அடி வரை வைக்கும். நீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் இடித்துத் தள்ள, அதன் கால் துழாவித் துழாவித்தான் அடுத்த இடத்தில் ஒட்டும். மெதுவாக்கியதில் பிழையில்லை. துழாவலையும் சேர்த்துத் துடைத்துவிட்டதுதான் குறை. போகுமிடம் தெரிந்தே புரதம் நடக்கிறது என்று பார்ப்பவர் நம்பிவிடுகிறார்.

சரி, எங்கே நிறுத்துவது? சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் ஆய்வு ஓர் இடத்தைக் காட்டுகிறது. ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பெற்றவர் அவர். அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் சரியான டி-ஆர்என்ஏ வந்து பொருந்தும்போது ரைபோசோமின் மூன்று காரங்கள் நிலைமாறி, இணைந்த மரபுக்குறி எழுத்துகளின் வடிவத்தைத் தடவிப் பார்க்கின்றன என்று அவர் குழு கண்டது. பொருத்தம் சரியென்றால் ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறு உடைகிறது. அதன் பிறகும் டி-ஆர்என்ஏ முழுதாக உள்ளே நுழையச் சற்று நேரமாகும். தவறாக வந்தது நழுவி விழ அதுவே இன்னொரு வாய்ப்பு. பல்லாயிரம் அமினோ அமிலங்களுக்கு ஒரு பிழை என்ற அளவுக்குத் துல்லியம் கூட இந்தத் தாமதமும் ஒரு காரணம். இயற்கையே தயங்கும் இந்த இடத்தை எத்தனையோ காணொளிகள் ஒரே தாவலில் கடந்துவிட்டு, முடிந்த புரதம் பளபளவென்று சுழல்வதை ஆற அமரக் காட்டுகின்றன.

நிறுத்தம் பார்ப்பவருக்கும் தேவை. 2001இல் கல்வி உளவியலாளர்கள் ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் மின்னல் உருவாவதை விளக்கும் அனிமேஷனை 16 துண்டுகளாக்கி, அடுத்ததற்குப் போகும் பொத்தானை மாணவர் கையில் கொடுத்தார்கள். முதலில் இப்படித் தம் வேகத்தில் பார்த்தவர்கள், கற்றதைப் புதிய கேள்விகளுக்குப் பொருத்துவதில், முதலில் இடைவிடாமல் பார்த்தவர்களை முந்தினார்கள்.

கிள்ளானில் படிவம் 6 உயிரியல் நடத்தும் ஆசிரியர் ஹீமோகுளோபினைக் காட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். விநாடிக்கு ஐந்து என்று வைத்தால் மனித செல் அரை நிமிடத்தில் கோத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி ஒதுக்கினால் படம் 24 நிமிடத்தைத் தாண்டும், வகுப்பு தூங்கிவிடும். முதல் இரண்டை முழு நிதானத்தில், பொருத்தம் பார்க்கும் இடத்தில் வர்ணனைக் குரலையும் நிறுத்திக் காட்டலாம். மூன்றாவதைப் பாதி நேரத்தில் முடித்து, மிச்சத்தை விரட்டலாம். திரையின் ஓரத்தில் ‘50 மடங்கு மெதுவாக’ என்று போட்டு, வேகம் கூடக்கூட அந்த எண்ணையும் மாற்றினால், தாமதித்தது செல்லா, படம் எடுத்தவரா என்ற குழப்பம் மாணவருக்கு வராது.