இடம் மாறும் தோல்

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் நம்மில் பலருக்கு வீட்டிலுள்ள பிளாஸ்டிக் வாளியும் குடமுமே நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கும் இச்சிகிச்சைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உருக்கொடுத்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. தீக்காயத்தாலோ விபத்தாலோ புற்றுநோய்க் கட்டியை அகற்றியதாலோ தோலை இழந்த இடத்திற்கு மீண்டும் உருக்கொடுப்பது இதன் முக்கியப் பணி. அதற்கு வேண்டிய தோலை நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கிறார்கள்.

எடுப்பதில் இரு வழிகள் உண்டு. நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவதுபோல், மெல்லிய தோலைச் சீவியெடுத்துப் புண்ணின்மேல் ஒட்டுவது ஒன்று. அந்தத் தோல் புண்ணிலிருந்தே இரத்தம் பெற்றுப் பிழைக்க வேண்டும். எலும்பு தெரியும் ஆழமான புண்ணில் அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. அங்கே உதவுவது இரண்டாம் வழி. மல்லிகைக்குப் பதியன் போடும்போது கொடியை வெட்டாமல் வளைத்து மண்ணில் பதிக்கிறோம் அல்லவா? அவ்வாறே தோலை அடிக்கொழுப்புடன் கிளப்பி, ஒரு பக்கம் உடலோடு ஒட்டியிருக்கும்படி விட்டுப் புண்ணின்மேல் திருப்பிவைக்கிறார்கள். இதுவே தோல் மடல். ஒட்டியுள்ள காம்பின் வழியே இரத்தம் ஓடுவதால் மடல் உயிரோடிருக்கிறது.

இக்கலையில் நம் நாடு முன்னோடி என்பது நமக்குப் பெருமை. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் 1792-ஆம் ஆண்டுப் போரில் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பூனா அருகே செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் மெழுகில் மூக்கு வடிவம் செய்து, அதை விரித்து நெற்றியில் வைத்து அளவெடுத்தார். அந்த அளவுக்கு நெற்றித்தோலைக் கிளப்பி, புருவ நடுவில் காம்பை விட்டு, கீழே திருப்பி மூக்காக்கினார். ஏறக்குறைய 25-ஆம் நாள், புதிய இடத்தில் தோல் பற்றிக்கொண்டபின், காம்பை அறுப்பது அவர்கள் வழக்கம். 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இச்செய்தியை வெளியிட்டது. அந்த வைத்தியரின் பெயரை மட்டும் எழுதவில்லை! 1814-இல் லண்டனில் கார்ப்யூ என்ற மருத்துவர் இம்முறையைப் பின்பற்றி வெற்றி கண்டார்.

இன்று புண்ணின் இடத்திற்கேற்பப் பல வகை மடல்கள் உள்ளன.

சுழல் மடல்: முக்கோணப் புண்ணை அடுத்து அரைவட்டமாகத் தோலைக் கீறி, கதவு கீலில் திரும்புவதுபோல் திருப்புவர். தலைக் காயங்களுக்கும் படுக்கைப் புண்களுக்கும் பயன்படுகிறது.

ஈரிதழ் மடல்: டச்சு மருத்துவர் எஸ்ஸர் 1918-இல் விவரித்தது. முதல் இதழ் புண்ணை மூடும். இரண்டாவது, முதல் இதழ் விட்ட இடத்தை மூடும். எஞ்சிய சிறு இடைவெளி தையலில் அடைபடும். மூக்கிலுள்ள சிறு புண்களுக்கு உகந்தது.

சாய்சதுர மடல்: ரஷ்ய மருத்துவர் லிம்பெர்க் வகுத்தது. புண்ணை 60, 120 பாகைக் கோணங்கள் கொண்ட சாய்சதுரமாக்கி, பக்கத்துத் தோலை அதே அளவில் திருப்புவர். ஜியோமெட்ரி எதற்கு என்று கேட்கும் தோழியருக்கு இதுவே பதில்!

எவ்வகையாயினும் காம்பை மிகவும் முறுக்கினாலோ இழுத்துத் தைத்தாலோ இரத்தம் தடைப்பட்டு மடல் கறுத்து அழியும். ஆகவேதான் முதல் சில நாட்கள் நர்ஸுகள் அதன் நிறத்தை அடிக்கடி கவனிக்கிறார்கள்.

இத்தனைக்குப் பின்னும் தழும்பு முற்றிலும் மறைவதில்லை. மருத்துவர் முகத்தைத் திருத்தித் தரலாம். அந்த முகத்தோடு ஒருவர் கூசாமல் வெளியே வருவது நம்மைப் பொறுத்தது. அப்படி ஒருவரைக் காணும்போது உற்றுப் பார்க்கவும் வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். எல்லோரிடமும் பேசுவதுபோல் அவரிடமும் பேசுவோம்.