கூரத்து வெயிலும் ஒயின் பாட்டிலும்

நாளாக நாளாக ஒயினின் சுவை கூடும் என்ற நம்பிக்கை, கடைகளில் விற்கப்படும் ஒயின்களில் மிகச் சிறு பகுதிக்கே, அதுவும் குளிர்ந்த இருட்டறையில் அசையாது கிடக்கும் பாட்டில்களுக்கே பொருந்தும். எஞ்சியவை சந்தைக்கு வந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துத் தீர்ப்பதற்கென்றே தயாரிக்கப்படுபவை. கூரத்தாழ்வான் பிறந்த ஊராகிய கூரத்திலோ காஞ்சிபுரத்தின் பிற சிற்றூர்களிலோ ஒயின் புழங்கும் வீடுகள் அரிதே என்றாலும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த பாட்டிலை நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று பீரோவில் வைத்து ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுவது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். கத்திரி வெயிலில் 40 டிகிரியை எட்டும் இவ்வட்டாரத்தில், அந்த மறதிக்கு ஒயின் ஈடுகொடுப்பதில்லை.

இந்தச் சிக்கல் தமிழகத்துக்குப் புதிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடற்பயணம்’ என்னும் கிரேக்க வணிகக் கையேடு, முசிறித் துறைக்கு வந்த சரக்குகளில் ஒயினையும் சேர்த்து, அது மிகுதியாக வருவதில்லை என்றும் குறிக்கிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இரு கைப்பிடிகளும் குறுகிய அடிப்பகுதியும் கொண்ட ஆம்போரா என்னும் மட்சாடிகளின் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. பாலாற்று முகத்துவாரப் பகுதியிலுள்ள வசவசமுத்திரத்திலும் இத்தகைய துண்டுகள் கிடைத்துள்ளன. சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு என்பதால் சாடியின் உட்புறத்தில் மரப்பிசினைக் காய்ச்சிப் பூசினர். வாயைத் தக்கையாலோ மண்வில்லையாலோ அடைத்து, மேலே சாந்து பூசிக் காற்றுப் புகாமல் செய்தனர். அரிக்கமேட்டுச் சாடிகளுள் பல, கிரேக்கத்தின் கோஸ் தீவு ஒயினுக்குரிய வடிவத்தைச் சேர்ந்தவை. அத்தீவின் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம் என்பதையும், உப்பும் பிசினும் ஒயின் கெடுவதை ஓரளவு தாமதப்படுத்தும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நெடுந்தொலைவு வெப்பத்தைத் தாங்கக்கூடிய சரக்கையே வணிகர் தேர்ந்தெடுத்தனர் என்று கருத இடமிருக்கிறது.

பிற்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக் கோட்டையில் விரும்பிக் குடித்த மதீரா ஒயினின் கதை இன்னும் விந்தையானது. போர்த்துகீசியருக்குரிய மதீரா தீவில் திராட்சைச் சாராயம் சேர்த்துச் செறிவூட்டப்பட்ட இந்த ஒயின், கப்பலின் அடித்தளத்தில் வெந்து புழுங்கி இந்தியா வரை வந்து திரும்பியபோது சுவை கூடியிருப்பதைக் கண்ட வணிகர், பீப்பாய்களை அதற்காகவே கடல் சுற்றிவர அனுப்பினர்; இன்று அதே விளைவுக்காகச் சில வகைகளை 45 முதல் 50 டிகிரி வரையிலான சூட்டில் மூன்று மாதம் வைக்கின்றனர். சாதாரண ஒயினை அப்படி வைத்தால் மிஞ்சுவது வெந்த பழத்தின் வாடைதான்.

காரணம் எளிது. வெப்பம் 10 டிகிரி கூடும்போது வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், 13 டிகிரியில் மெல்ல முதிர வேண்டிய ஒயின் 35 டிகிரியில் பல மடங்கு விரைந்து, அதுவும் வேறு வழியில் மாறிப்போகிறது. நிலையான வெப்பத்தைவிட ஏறி இறங்கும் வெப்பம் இன்னொரு வகையில் தீங்கு செய்கிறது: சூட்டில் விரியும் ஒயின் தக்கையைத் தள்ளுகிறது, குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஒளியும் பகைதான், வெயிலோ குழல்விளக்கொளியோ தொடர்ந்து பட்டால் ஒயினிலுள்ள சில சேர்மங்கள் சிதைந்து கந்தக நாற்றம் தோன்றும். பட்டுப்புடவையை வெயில் படாமல் பருத்தித் துணியில் சுற்றி வைக்கும் நெசவாளர் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டுக்கு ஆகாத ஈரப்பதம் தக்கைக்கு நல்லது. தக்கை உலர்ந்து சுருங்கினால் காற்று நுழையும் என்பதால்தான் தக்கையிட்ட பாட்டிலைப் படுக்கவைக்கின்றனர். நாசிக் வட்டாரத்து ஒயின்கள் பலவற்றைப் போலத் திருகுமூடி போட்டு வருபவற்றை நிமிர்த்தியே வைக்கலாம்.

வீட்டில் இடம் தேடுவோர் முதலில் தவிர்க்க வேண்டியது, காங்கிரீட் தளத்தின் சூடு இறங்கும் பரணையும் அடுப்படி அலமாரியையும் மேற்குச் சுவரை ஒட்டிய இரும்புப் பீரோவையும். வெயில் படாத உள்ளறையில், தரையை ஒட்டி, அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்தால் சில வாரங்களுக்குக் கவலையில்லை. அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால், கோடையில் குளிர்சாதனப் பெட்டியே ஓரளவு பாதுகாப்பு. அதன் 4 டிகிரிக் குளிர் ஒயினுக்கு மிகை, அதன் உலர்காற்று நாளடைவில் தக்கையை வறட்டும் என்ற குறைகள் உண்மையே எனினும், சித்திரை மாதத்து அறை வெப்பத்தோடு ஒப்பிட்டால் அவை பொறுக்கத்தக்கவை. 12 முதல் 14 டிகிரியில் நிலைநிறுத்தும் தனிப் பெட்டிகளும் விற்கின்றன. ஒன்றிரண்டு பாட்டில்களுக்காக அதை வாங்குவது வீண்செலவு.

கிறிஸ்துமஸை ஒட்டி வீட்டிலேயே திராட்சையைப் புளிக்கவைப்போரும் உண்டு. உரிமமின்றி மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, நொதித்தல் முடியாத நிலையில் இறுக மூடினால் கரியமில வாயுவின் அழுத்தத்தில் பாட்டிலே வெடிக்கலாம்.

திறந்த பாட்டிலின் கணக்கு வேறு. காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அசிட்டிக் பாக்டீரியாக்கள் ஆல்கஹாலைப் புளிக்காடியாக மாற்றத் தொடங்குவதால், மீதியைச் சிறிய பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். சிவப்பு ஒயினாயின், பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுத்துவைத்தால் மணம் திரும்பும். தக்கை மேலெழும்பியிருந்தாலும், கழுத்தில் பிசுபிசுத்த கறை படிந்திருந்தாலும், வெள்ளை ஒயின் பழுப்பேறியிருந்தாலும் அந்தப் பாட்டில் வெப்பத்தில் கெட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அப்படிப்பட்ட ஒயினால் பெரும்பாலும் உடலுக்குக் கேடில்லை, சுவைதான் போயிருக்கும்.